பாலத்துக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 4

என் கோபக்காரிக்கு,

இனிமேல் போனை எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டாயாம். உன் தங்கைதான் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிற சத்தம் கேட்டது. உன் கோபத்துக்கு அந்தப் பாத்திரம் என்ன பாவம் செய்தது?

ரயில் நிலையத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ தண்ணீர் வாங்க நின்றிருப்பாய் என்று நினைத்தேன். இரண்டு கையிலும் சூட்கேஸ், தோளில் பை, ஏற வேண்டிய பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியாத பதற்றம். ஏறி, சாமான்களை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தால் பிளாட்பாரம் நகர்கிறது. நீ தூரத்தில் படிக்கட்டுப் பக்கம் வந்துகொண்டிருக்கிறாய். கை காட்டினேன். நீ காட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான். இதற்கு ஒரு மாதம் மௌன விரதமா?

இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். தெற்குக் கோடியில் இவ்வளவு பெரிய நகரம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே பிறந்தவர்களுக்கே இதில் பாதிதான் தெரிகிறது. பஸ் கழகத்தில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை அந்த மீதிப் பாதியில் நடப்பது. "அந்தப் பக்கமா? அங்க என்ன சார் இருக்கு?" என்று டாக்ஸிக்காரர்கள் கேட்கிற இடமெல்லாம் என் இடம். குடியிருப்பின் நடுவில் நின்று கடிகாரத்தைத் தட்டிவிட்டு, பக்கத்து பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்தப் பகுதிக்குப் புது பஸ் விடுவார்கள். அதற்குள் வந்துவிட்டால் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வாரம் இழுத்த வேலையை நான் ஒன்றரை நாளில் முடிக்கிறேன். ஆபீசில் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நேற்று ஒரு தெரு பார்த்தேன். தெரு முழுக்கப் பழைய குளிர்சாதனப் பெட்டிகள், கதவு இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்குள் ஒரு மெக்கானிக் தன் செருப்பையும் சாப்பாட்டையும் வைத்திருக்கிறார். இப்படி ஓர் இடம் பெரிய சாலைக்கு நேர் பின்னால் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

இப்போது டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். ரப்பர் வாசனை. சீக்கிரம் நல்ல வீடாகப் பார்த்துவிடுவேன். நீ கிளம்பி வரத் தயாராக இரு.

உன்
எக்ஸ்பிரஸ்


பிப்ரவரி 13

எக்ஸ்பிரஸ் அவர்களுக்கு,

பாத்திரம் உருட்டியது என் தங்கையின் கணவர். டீ போடுகிறேன் என்று கிளம்பியிருந்தார். எல்லாப் பழியையும் என் தலையில் போட வேண்டாம்.

கடிதம் எழுதச் சொன்னதற்குக் காரணம் கோபம் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால், நீங்கள் பாதியிலேயே பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு நான் சொல்லப் போவதையும் நீங்களே சொல்லி, "சரி, வச்சிடட்டுமா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். ஏழு வருஷக் குடித்தனத்தில் நான் முழுசாகச் சொல்லி முடித்த வாக்கியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காகிதத்தில் நீங்கள் குறுக்கே வர முடியாது. இதோ, இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன், நீங்கள் இன்னும் பேசவில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா?

என் இடது கால் வலது காலைவிடக் குட்டை. சின்ன வயதில் இடுப்பில் செய்த ஆபரேஷன் அப்படித்தான் முடிந்தது. பெண் பார்க்க வந்த அன்றே நான் கைத்தடியோடு நடந்து வந்ததைப் பார்த்தீர்கள். "அதனால என்ன?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் சரி என்று சொன்னேன். இப்போது அதே கேள்வியை நான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ரயில் நிலையப் படிக்கட்டில் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டில் என் கையில்தான் இருந்தது, வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வந்தது. அதை நீங்கள் ரயிலில் குடிக்க வேண்டும் என்று கொண்டு வந்தேன். திரும்பி வரும் வழியில் நானே குடித்துத் தீர்த்தேன்.

பல் டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "ஏப்ரல் முடிஞ்சதும் இருப்பீங்களா, போயிடுவீங்களா? ஒரு வார்த்தை சொன்னா நான் வேற ஆள் பாப்பேன்ல?" அவர் கேட்பது நியாயம். வரவேற்பு மேசையில் உட்கார ஆள் கிடைப்பது சுலபம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவர்களிடம் சிரித்த முகத்தோடு "உக்காருங்க" என்று சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். இந்த வீட்டையும் என் தங்கை குடும்பம் எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது.

ஆகவே ஏப்ரல் கடைசிக்குள் எனக்கு வீடு வேண்டும். உங்களுக்குப் பிடித்த வீடு கிடைத்தால் மட்டும் போதாது, நான் வெளியே போய்த் திரும்பி வரக்கூடிய வீடாக இருக்க வேண்டும். கிடைத்தால் வருகிறேன். இல்லாவிட்டால் டாக்டரிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன், அதற்கு மேல் உங்களை ஒன்றும் கேட்க மாட்டேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் களைத்துவிட்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவும்.


பிப்ரவரி 24

மகாராணிக்கு,

வீடு கிடைத்துவிட்டது! கிட்டத்தட்ட.

ஊருக்குத் தெற்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு குடியிருப்பு. நகரத்தில் பாதிப்பேர் அந்தக் கண்ணாடியில்தான் முகம் பார்க்கிறார்கள், அதைச் செய்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அங்கே எல்லா வீட்டு ஜன்னலிலும் ஆலையில் தள்ளிவிட்ட கண்ணாடிதான். அலை அலையாக இருக்கும். உள்ளேயிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்கள் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி தெரியும். நீல நிறக் கதவு போட்ட ஒரு வீடு காலியாக இருக்கிறது. இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட இடம், பக்கத்தில் சத்தம் இல்லாத ஆட்கள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வழி எழுதுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு வரலாம். மூடிப்போன சினிமாக் கொட்டகை முன்னால் இறங்க வேண்டும். இடது பக்கம் கீழே இறங்குகிற தெரு. நேராகப் போனால் ரயில் பாதை. மேலே ஒரு பாலம், தாண்டினால் ஆலைச் சுவர். சுவர் முடிகிற இடத்தில் நம் வீடு. நான் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டேன். உனக்கே பத்து, பதினொன்று ஆகலாம்.

அங்கே முட்டை விற்கிற ஓர் அம்மா இருக்கிறார். அங்குள்ளவர்கள் எல்லாரும் முட்டைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் நில்லுங்க. எதுக்கு இப்படி ஓடுறீங்க?" என்றார். வேலையைச் சொன்னேன். ஒன்பது நிமிடம் என்றேன். "ஒம்பது நிமிஷமா? யாரு காலுக்கு?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல ஜனங்கள். உனக்குப் பிடிக்கும், உன்னை மாதிரியே பேசுகிறார்கள்.

ரயில் நிலையத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. உனக்கு நல்ல குரல் இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாமே? ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் நின்றிருக்க மாட்டேனா?

டயர் கடை அறையை விட்டுவிட்டேன். புது முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. இது ஓர் அச்சகத்தின் மாடி. பகல் முழுக்கத் தரை நடுங்குகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.


மார்ச் 6

எக்ஸ்பிரஸ் அவர்களுக்கு,

பாலம் என்று எழுதியிருக்கிறீர்கள். படியா, சரிவா?


மார்ச் 14

அன்புள்ளவளுக்கு,

ஒற்றை வரிக்கு ஒரு தபால் தலையை வீணாக்கியிருக்கிறாய். உன் கேள்வியைப் படித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாலத்தைப் பல தடவை தாண்டியிருக்கிறேன், படியா சரிவா என்று ஞாபகம் வரவில்லை. சிரிக்காதே. ஏறியது நினைவிருக்கிறது, இறங்கியது நினைவிருக்கிறது, நடுவில் நின்று சரக்கு ரயில் பார்த்தது நினைவிருக்கிறது.

நேற்று வேலை முடிந்து போய்ப் பார்த்தேன். படிகள்தான். நல்ல செங்குத்து. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதிலும் பாதியைக் காணோம். சரி, அந்த வீடு உனக்கு ஆகாது. விட்டுவிட்டேன். வருத்தப்படாதே, இந்த ஊரில் வீட்டுக்கா பஞ்சம்?

இதற்குள் இன்னும் நாலு இடம் பார்த்துவிட்டேன். துறைமுகச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு குடியிருப்பு இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரு பக்கம் மட்டும்தான் ஜன்னல், மறுபக்கம் சுவர். கப்பல் ஊதினால் அலமாரியில் தட்டு கிணுகிணுக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடலையே பார்க்காமல் வாழ்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன். இன்னொரு இடத்தில், பெரிய மேம்பாலத்துக்கு அடியில், ஒரு நூலகம் நடத்துகிறார்கள். மேலே லாரி போகும்போதெல்லாம் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த இடத்தைப் பார்த்தாலும் இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் அதற்கு அடுத்த தெருவில் என்ன இருக்கும் என்று கால் அரிக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஓர் அறையில் தொடர்ந்து உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அச்சக மாடியையும் மாற்றிவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. கண்ணாடி ஆலைப் பகுதி பற்றிய என் அறிக்கையை மேலாளர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். அந்தப் பகுதிக்கு பஸ் தேவையில்லை என்று எழுதியிருந்தேன். "எக்ஸ்பிரஸ், உங்களால நமக்கு ஒரு வண்டி மிச்சம்" என்று கை குலுக்கினார். இப்படியே போனால் வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமாகிவிடும். நமக்காகத்தான் இவ்வளவும்.

துறைமுகப் பக்கம் வீடு பார்க்கட்டுமா? படியே இல்லை. சத்தியமாகக் கவனித்தேன்.


ஏப்ரல் 12

அன்புள்ளவளுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உன் தங்கைக்குப் போன் செய்தால், "அக்கா நல்லாத்தான் இருக்கா மாமா, நீங்க வேலையைப் பாருங்க" என்கிறாள். அந்தக் குரல் சரியில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது, உன்னிடம் கற்றுக்கொள்ளச் சொல்.

நான் என்ன தப்பாக எழுதிவிட்டேன் என்று பழைய கடிதங்களை நினைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. வீடு பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நீ வந்தால் உட்கார வசதியாக இருக்குமா, சமையலறை மேடை உன் உயரத்துக்குச் சரியாக இருக்குமா என்று ஒவ்வொரு வீட்டிலும் நின்று பார்க்கிறேன். அப்புறம் ஏதோ ஒன்று பிடிக்காமல் போகிறது. எது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் குறை இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது. சாவியை வாங்கிவிட்டால் மறுநாள் காலையில் எங்கே போவது என்று பயம்.

நாளை முதல் ஆற்று முகத்துவாரம் பக்கம் முகாம். அங்கேயே தங்கி நடக்க வேண்டும், மாதக் கடைசியில்தான் திரும்புவேன். ஆபீஸ் முகவரிக்கு எழுது, ஆள் மூலமாகக் கொண்டுவந்து தருவார்கள். ஏப்ரல் கடைசி என்று நீ சொன்னது மறக்கவில்லை. டாக்டரிடம் இன்னும் ஒன்றும் சொல்லிவிடாதே.

எழுது. திட்டியாவது எழுது.


ஏப்ரல் 22

எக்ஸ்பிரஸ் அவர்களுக்கு,

உறையின் மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். ஆமாம், இந்த ஊர்தான். வந்து ஒரு வாரம் ஆகிறது. டாக்டரிடம் மாதக் கடைசி வரை விடுப்புக் கேட்டுவிட்டு வந்தேன். தங்கையிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடைசிக் கடிதத்தை அவள்தான் இங்கே அனுப்பிவைத்தாள்.

வீட்டை நீங்கள் விட்டுவிட்டாலும், நீங்கள் எழுதிய வழியை நான் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று எழுதியிருந்தீர்களே, திறந்துகொண்டே வந்து பார்க்கலாம் என்று அந்தக் கடிதத்தோடு சினிமாக் கொட்டகை முன்னால் இறங்கினேன். நீங்கள் எழுதாததை எல்லாம் நான் சொல்கிறேன். கீழே இறங்குகிற தெருவில் பாதி தூரத்துக்கு நடைபாதை உடைந்து கிடக்கிறது, கைத்தடியை ஊன்ற இடம் தேட வேண்டும். கொட்டகையின் டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமெண்டு மேடை இருக்கிறது, உட்காரலாம். முதலில் அங்கே உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "பாலத்துக்கா? இப்பவே உக்காந்துக்கம்மா, இனிமே உக்கார இடம் கிடையாது" என்றார். அவர் தினமும் அங்கேதான் முதல் ஓய்வு எடுப்பாராம். ஆனால் அதற்கு அப்புறம் வந்த விறகுக்கடையில் அவர்களாகவே ஸ்டூல் கொடுத்தார்கள். அதற்கு அப்புறம் ஒரு சலூன், அங்கே கண்ணாடி முன்னால் இருக்கும் நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார்கள். முடி வெட்டாமல் இறங்கி வந்தேன். நீங்கள் அந்தத் தெருவில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறீர்கள். இவர்களில் ஒருவரைக்கூட உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

பாலத்தின் அடிக்கு வந்தபோது என் இடுப்பு இனி முடியாது என்று சொல்லிவிட்டது. முதல் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முட்டைத் தட்டுகள். நீங்கள் எழுதிய முட்டைக்காரம்மா இவர்தான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. சரக்கு வேன் சுற்றி வர மாட்டேன் என்று இந்தப் பக்கமே தட்டுகளை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அவர் இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓய்வு எடுக்காமல் முடியாது.

"எங்க போகணும்?" என்று கேட்டார். நீலக் கதவு வீடு என்றேன். "யாரு சொல்லி வந்தீங்க?" என்றார். கடிகாரத்தோடு நடந்து போகிற ஒருவரின் மனைவி என்றேன். அவ்வளவுதான், தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிச் சிரித்தார். "அந்த ஓட்டக்காரரா! ஏம்மா, அவரு உங்களை இந்த வழியிலயா வரச் சொன்னாரு?" என்றார். சிரித்து முடித்துவிட்டு என் காலைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "பஸ்ஸு வரும்னு இருந்தோம். பக்கம்தானே, எதுக்குன்னு எழுதிட்டாராம்" என்றார்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் நடந்து வந்தேன். வேறு ஒருவர் உங்களைக் குறை சொல்லக் கேட்டதும் அவமானமாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. உங்களுக்குப் பரிந்து பேசவும் முடியவில்லை. பாலம் படி என்று தெரிந்ததும் அந்த வீடு எனக்கு ஆகாது என்று விட்டுவிட்டீர்கள். அதே கையால் அங்கே இருக்கிற மற்றவர்களுக்கு பஸ் வேண்டாம் என்று எழுதினீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தது. நான் அதை ஒரு மாதம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்களுக்குக் கெட்ட மனசு கிடையாது. உங்கள் கடிகாரம் உங்கள் காலுக்கு மட்டும்தான் ஓடுகிறது, அது உங்களுக்கே தெரியாது.

முட்டைக்காரம்மாவின் நாத்தனார் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கம், அடியிலேயே இருக்கிறது. தெருவைப் பார்த்த அறை ஒன்று காலியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு எடுத்திருக்கிறேன். நீங்கள் இத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள், நான் என் கால் நின்ற இடத்தில் வீடு பார்த்துவிட்டேன். இங்கே ஜன்னலில் அதே அலை அலையான கண்ணாடிதான். அதன் வழியாகப் பார்த்தால் தெருவில் போகிற எல்லாரும் என்னை மாதிரிதான் நடக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் பிடித்துப் போவதற்கு அது போதும்.

ரயில் நிலையத்தில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். நீங்களாகத் திரும்பிப் பார்க்கிறீர்களா என்று பார்த்தேன். அது என் பிடிவாதம். இனி அப்படிச் செய்ய மாட்டேன், கூப்பிடுகிறேன். இதோ இந்தக் கடிதம்தான் அது.

முப்பதாம் தேதி டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முகாம் முடிந்ததும் வாருங்கள். ஆனால் இறங்கியதும் நேராக என்னிடம் ஓடி வர வேண்டாம். முதலில் முட்டைக்காரம்மாவின் பின்னால் அந்தப் பாலத்தை ஒரு தடவை தாண்டுங்கள். அவரை முந்தக் கூடாது. அப்புறம் வாருங்கள். நான் வீட்டில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டு கிளம்பாதீர்கள். நான் மெதுவாகப் போகிறவள், ஆனால் வந்துவிடுவேன்.


ஏப்ரல் 29

என்னவளுக்கு,

இதை உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு பூட்டியிருக்கிறது. வீட்டுக்காரம்மா, "கடைக்குப் போயிருக்கா, வந்துடுவா. உள்ள வந்து உக்காருங்க" என்றார். நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். சொல்ல நினைப்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் பாதியில் வேறு எங்கோ போய்விடுவேன், அதனால் எழுதி வைக்கிறேன். இந்தத் தடவை நீ குறுக்கே வர முடியாது.

காலையில் முட்டைக்காரம்மாவின் பின்னால் நடந்தேன். தட்டை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி, நீங்க கடிகாரத்தைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டார். அவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த படி ஏறுகிறார். கைப்பிடி இல்லாத இடத்தில் தோளால் பக்கத் தடுப்பில் சாய்ந்துகொள்கிறார். நான் பின்னால் நிற்கிறேன், முன்னால் அவர் முதுகும் முட்டைகளும் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காலெல்லாம் பரபரத்தது. ஒரு தடவை என் கால் தானாக அவரைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்தார், நான் காலை எடுத்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில் தட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். கீழே சரக்கு ரயில் போய் முடிந்தது, அப்புறமும் நின்றுகொண்டிருந்தோம். ஆலைச் சுவர் முடிகிற இடத்துக்கு வந்து கடிகாரத்தை நிறுத்தியபோது எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்தேன்.

அங்கிருந்து நேராக ஆபீஸ் போனேன். என் அறிக்கை தப்பு, திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேலாளர் சந்தோஷப்படவில்லை. "எக்ஸ்பிரஸ், இதோட முடிஞ்சிடுமா? நீங்க நடந்த எல்லா இடமும் இதே கதைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அத்தனையும் மறுபடி நடக்க வேண்டும் என்று உத்தரவு. வேலை நிரந்தரமாகிற பேச்சு இந்த வருஷம் இல்லை. ஆபீசில் இனி என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டித் தெரு, துறைமுகச் சுவர், மேம்பால நூலகம், எல்லாவற்றுக்கும் திரும்பப் போக வேண்டும். முதல் தடவை நான் அவற்றைப் பார்க்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. நீ விரும்பினால் சிலவற்றுக்கு என்னோடு வரலாம். முன்னால் நீ, பின்னால் நான்.

நாளை டாக்டருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நீ இருந்துவிடு என்று கெஞ்ச வாய் துடிக்கிறது, அடக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு உட்கார வராது, உனக்குத் தெரியும். இந்த வாசற்படியில் உட்கார்ந்த நேரத்தில் நாலு தடவை எழுந்து தெருக்கோடி வரை போய்விட்டு வரலாமா என்று நினைத்தேன். உன்னைத் தேட என்று சாக்கு வேறு கிடைத்தது. போகவில்லை. வீட்டுக்காரம்மா பாவம் பார்த்து ஒரு டீ கொடுத்தார்.

இப்போது தெருக்கோடியில் நீ வருகிறாய். ஒரு கையில் பை, ஒரு கையில் கைத்தடி. எழுந்து ஓடி வந்து பையை வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. விறகுக்கடைக்காரர் உன்னை நிறுத்தி ஏதோ கேட்கிறார், நீ சிரித்துக்கொண்டு பதில் சொல்கிறாய். சலூன் வாசலில் நின்று அங்கேயும் ஏதோ பேசுகிறாய். இந்தத் தெருவில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. நீ இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

பேசி முடித்துவிட்டு வா. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.